வறண்ட சீமையில் வெள்ளம்: வாசகர் கேள்வி – பதில்

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட பிறகு, இயற்கைப் பேரிடர் பற்றி வரும் கேள்விகள் கூடிவிட்டன. அவற்றில் சிலவற்றுக்குப் பாசனப் பொறியாளர், வேளாண் அலுவலர், கால்நடை மருத்துவர் மூவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கடற்கரைக்கும் எங்கள் ஊருக்கும் அவ்வளவு தூரம். ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை எப்படிக் கொட்டியது? இனியும் இப்படி வருமா?
– ஊத்தங்கரை வாசகர்

புயலின் பலத்தை விட அதன் வேகம்தான் காரணம். ஃபெஞ்சல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் விறுவிறுவென நகர்ந்திருந்தால் ஒவ்வொரு ஊருக்கும் சில மணி நேர மழையோடு போயிருக்கும். அது பல மணி நேரம் அங்கேயே நின்றது. பிறகு வலுவிழந்து மேற்கே ஊர்ந்தது. வங்கக் கடலின் ஈரக்காற்று அதன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அந்தக் காற்றை ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி மலைகள் மேலே தூக்கிவிட்டன. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. பதிவானது. ஊத்தங்கரைக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் விழுந்துவிட்டது.

ஒரு ஏக்கர் நிலத்தில் 50 செ.மீ. மழை என்றால் சுமார் 20 லட்சம் லிட்டர் தண்ணீர். நம் பக்கம் செம்மண் மேலாப்பில்தான். கொஞ்சம் தோண்டினாலே பாறை. முதல் சில மணி நேரத்தில் மண் குடித்து முடித்துவிடும். அதன் பிறகு விழுவதெல்லாம் ஓடைக்குத்தான்.

இனியும் வருமா என்றால், வரலாம். காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால் அது சுமக்கக்கூடிய ஈரம் ஏறக்குறைய 7 விழுக்காடு கூடும். ஆனால் அடுத்த மழை எந்த ஊரில் கொட்டும் என்று பல நாள் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுத்தால், 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். 'புயல் கடலூருக்குத்தான்' என்று உள் மாவட்டத்தில் இருப்பவர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது. டி.என். அலர்ட் செயலியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஏரி நிரம்பினால் கரை தாங்குமா என்று ஒவ்வொரு மழைக்கும் பயமாக இருக்கிறது. கரை உடையப் போகிறது என்பதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது? மணல் மூட்டை எங்கே போடுவது?
– மத்தூர் அருகிலிருந்து ஒரு பாசன சங்க உறுப்பினர்

முதலில் கரையை விட்டுவிட்டுக் கோடி போகும் கலிங்கை, அதாவது ஏரி நிரம்பியதும் உபரிநீர் வழிந்து வெளியேறும் கட்டைப் பாருங்கள். நம் மாவட்டங்களில் ஏரி உடைவதற்கு மழையோடு நம் பழக்கமும் ஒரு காரணம். பத்து வருடத்துக்கு ஒருமுறை நிரம்பும் ஏரி, இந்த முறையாவது நாலு அங்குலம் கூடுதலாக நிற்கட்டும் என்று கலிங்கின் மேல் கல்லும் பலகையும் மண் மூட்டையும் அடுக்குகிறோம். கலிங்குக்குக் கீழே உபரிநீர் ஓடையில் வீடோ மாட்டுக்கொட்டகையோ வந்துவிடுகிறது. வழி கிடைக்காத தண்ணீர் கரையின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஏறி வழிகிறது. மண் கரைக்கு மேல் வழியும் தண்ணீர் பின்சரிவை அரிக்கத் தொடங்கிவிட்டால் கரை வெகுநேரம் தாங்காது. மழைக்கு முன் செய்ய ஒரே ஒரு வேலைக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால், அந்த வேலை கலிங்கைத் திறந்து, கீழே உள்ள ஓடையில் முள்ளை வெட்டி எடுப்பதாக இருக்கட்டும்.

இரண்டாவது ஆபத்து ஊற்று. கரையின் பின்பக்க அடிவாரத்தில் ஈரம் கசிவது பழைய ஏரிகளில் சாதாரணம். அந்தக் கசிவு தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வெள்ளைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் மண் அப்படியே இருக்கிறது; கண்காணித்தால் போதும். செம்மண் கலங்கலாக வந்தால், கரைக்கு உள்ளே மண் கரைந்து குழாய்போல ஒரு வழி உருவாகிக்கொண்டிருக்கிறது. எலி வளை, நண்டு வளை, வெட்டிய சீமைக் கருவேலத்தின் மக்கிப்போன வேர் இவைதான் அந்த வழியின் தொடக்கம். மரத்தை அறுத்துவிட்டு வேரை விட்டால், சில ஆண்டு கழித்து அந்த வேர் இருந்த இடம் பொந்தாகிவிடும். மதகுச் சுவரும் மண்ணும் சேரும் இடத்தையும் தவறாமல் பாருங்கள். அங்கே மண் சரியாகக் கெட்டிப்படாமல் இருக்கும்.

கலங்கல் ஊற்றைக் கண்டதும் எல்லோரும் செய்யும் தவறு, வெளியே வரும் வாயில் மூட்டையைத் திணித்து அடைப்பது. தண்ணீர் உள்ளே அழுத்தம் கூடிப் பக்கத்தில் இன்னொரு இடத்தில் பீறிடும். அடைக்காதீர்கள்; சுற்றி வளையுங்கள். ஊற்றுக் கண்ணுக்கு இரண்டு மூன்று அடி தள்ளி, வட்டமாக மூட்டைகளை அடுக்கிக்கொண்டே உயர்த்துங்கள். வட்டத்துக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும்போது எதிர் அழுத்தம் கிடைத்து ஊற்றின் வேகம் குறையும். கலங்கல் நின்று தெளிந்த தண்ணீர் வரும் உயரத்தில் நிறுத்தி, மேலே ஓரிடத்தில் சின்ன வடிகால் விட்டு விடுங்கள். கசிவை முழுக்க நிறுத்த நினைக்க வேண்டாம், மண் வெளியேறுவது நின்றால் போதும். உள்பக்கத்தில், தண்ணீர் நுழையும் இடம் தெரிந்தால், தார்ப்பாயை விரித்து அடி ஓரத்தில் மூட்டை வைத்து இறக்கலாம். சுழல் தெரியும் இடத்தில் ஆள் இறங்கவே கூடாது.

மூட்டையை முழுக்க நிரப்பாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு மண் போட்டால்தான் அது படிந்து, பக்கத்து மூட்டையோடு இடைவெளி இல்லாமல் சேரும். உருண்டையாக நிரப்பிய மூட்டைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடிவிடும். வாயை மடித்து அடியில் போட்டு, செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாறி மாறி வரும்படி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் மிதித்துவிடுங்கள். கரையின் தாழ்ந்த இடத்தை உயர்த்துவதாக இருந்தால், உயரத்தைப் போல மூன்று மடங்கு அடி அகலம் வேண்டும். 2 அடி உயரத்துக்கு 6 அடி.

தகவல் யாருக்கு? 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையின் கையில் இருக்கும். அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். நள்ளிரவில் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடமும் 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலும் சொல்லிவிட்டு, கரைக்குக் கீழே இருக்கும் வீடுகளை முதலில் காலி செய்யுங்கள்.

உடைந்த கரையைக் கோடையில் சரிசெய்யும்போது, ஜே.சி.பி.யால் காய்ந்த மண்ணைக் கொட்டி மேலே ஒருமுறை ஓட்டிவிட்டுப் போவது வீண் செலவு. அடுத்த மழையில் அதே இடம்தான் உடையும். பழைய கெட்டி மண் தெரியும் வரை வெட்டி, படிக்கட்டாகச் செதுக்கி, களி கலந்த மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இறுக்க வேண்டும். ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். பொலபொலவென உதிர்ந்தால் ஈரம் போதாது. சப்பென்று அப்பிக்கொண்டால் அதிகம். இரண்டு மூன்று துண்டாகப் பிளந்தால் சரி.

கிருஷ்ணகிரி அணையில் இத்தனை ஆயிரம் கனஅடி திறப்பு என்று செய்தியில் சொல்கிறார்கள். ஆற்றோரம் மோட்டார் வைத்திருக்கும் எங்களுக்கு அது எவ்வளவு என்று புரிவதில்லை.
– காவேரிப்பட்டணம் வாசகர்

விநாடிக்கு 1 கனஅடி என்பது 28.3 லிட்டர். உங்கள் மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி 35 விநாடியில் நிரம்பிவிடும். 10,000 கனஅடி என்றால் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் சுமார் 24-ஐ ஒவ்வொரு விநாடியும் கவிழ்ப்பதற்குச் சமம். ஆனால் உங்கள் இடத்தில் தண்ணீர் எவ்வளவு உயரும் என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. ஆறு அகலமாக இருக்கும் இடத்தில் பரவிப் போகும், குறுகிய இடத்தில் அதே அளவு ஓர் ஆள் உயரம் கூடலாம். ஒவ்வொரு திறப்பின்போதும் தண்ணீர் தொட்ட உயரத்தைக் கரையில் உள்ள பாறையிலோ தூணிலோ பெயின்டால் குறித்து, பக்கத்தில் கனஅடியை எழுதி வையுங்கள். நாலைந்து குறி சேர்ந்துவிட்டால் செய்தியைக் கேட்டதுமே எது மூழ்கும் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அணை நிரம்பிய பிறகு வருவதை அப்படியே வெளியே விடுவதைத் தவிர வழியில்லை. அதன் முழு நீர்மட்டம் 52 அடி. நிரம்பிய நிலையில் மேலே ஓசூர், கெலவரப்பள்ளிப் பக்கம் பெய்தால் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. முதல் எச்சரிக்கையிலேயே ஆயில் இன்ஜினையும் மோட்டாரையும் மேடேற்றுங்கள். உறிஞ்சு குழாயை மட்டும் கழற்ற நேரமில்லை என்றால் விட்டுவிடலாம்.

கிணறும் போர்வெல்லும் வெள்ளத்தில் மூழ்கிவிட்டன. பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார்கள். எவ்வளவு, எப்படி?
– அரூர் வாசகி

முதலில் ஓர் எச்சரிக்கை. கிணற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்கும்போது பிளீச்சிங் போட்டுப் பயனில்லை. மண்ணும் குப்பையுமே குளோரினைத் தின்றுவிடும். இறைத்துத் தெளிய வையுங்கள். ஆனால் ஒரே மூச்சில் வற்ற இறைக்காதீர்கள். சுற்றி இருக்கும் மண் ஊறிப்போய்த் தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே எதிர்த் தாங்கலாக நிற்கும் தண்ணீரை எடுத்துவிட்டால் கட்டுச் சுவர் உள்ளே சரியும். நாளுக்குக் கொஞ்சமாக இறையுங்கள். கிணற்றுக்குள் திட்டில் ஆயில் இன்ஜினை வைத்து ஓட்டவே கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையிலும் அது தெரியாது.

வட்டக் கிணற்றுக்குக் கணக்கு: விட்டம் × விட்டம் × தண்ணீர் ஆழம், எல்லாம் அடியில், வருவதை 22-ஆல் பெருக்கினால் லிட்டர். 10 அடி விட்டம், 12 அடி தண்ணீர் என்றால் சுமார் 26,000 லிட்டர். புதிய பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், வெள்ளத்துக்குப் பிறகு இரட்டிப்பாக 5 கிராம். ஆக இந்தக் கிணற்றுக்கு 130 கிராம். ஒரு வாளிக்கு 100 கிராமுக்கு மிகாமல் போட்டு, முதலில் பசைபோலக் குழைத்து, பிறகு முக்கால் வாளி தண்ணீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளிய விடுங்கள். மேலே இருக்கும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் வடித்து, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழுமாக ஆட்டிக் கலந்துவிடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு கிணற்றுக்குள் போனால் தண்ணீரின் கடினத்தன்மை கூடும். குறைந்தது ஒரு மணி நேரம் விட வேண்டும்; இரவில் போட்டுக் காலையில் எடுப்பது நல்லது. ஊராட்சியில் குளோரோஸ்கோப் இருக்கும், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் காட்டினால் குடிக்கலாம்.

30 அடிக்கு 30 அடி சதுரப் பாசனக் கிணறு என்றால், கிலோக்கணக்கில் பவுடரைக் கொட்டி மல்லுக்கட்ட வேண்டாம். குடிக்க எடுக்கும் தண்ணீரை வீட்டுத் தொட்டியில் தனியாகச் சுத்தம் செய்யுங்கள். அல்லது நன்றாகக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

ஆறரை அங்குல போர்வெல்லில் 100 அடி தண்ணீருக்குச் சுமார் 650 லிட்டர் இருக்கும். குழியின் ஆழத்திலிருந்து நீர்மட்டத்தைக் கழித்தால் எத்தனை அடி தண்ணீர் என்று தெரிந்துவிடும். 100 அடிக்கு 100 கிராம் பவுடர் என்று எடுத்து, முன்போலவே தெளிவை மட்டும் ஊற்றுங்கள். மோட்டாரை ஓட்டி, வரும் தண்ணீரை ஓஸ் வழியாகத் திரும்பக் குழிக்குள்ளேயே விட்டுச் சுழற்றுங்கள். குழாயில் குளோரின் வாடை வந்ததும் நிறுத்தி, 12 மணி நேரம் விட்டு, வாடை போகும் வரை வெளியே இறைத்துவிடுங்கள். அந்தத் தண்ணீரை மாட்டுத் தொட்டிக்கோ நாற்றுக்கோ விடக் கூடாது.

மோட்டாரை ஓட்டும் முன்பே ஸ்டார்ட்டர் பெட்டியைப் பாருங்கள். நீர்மூழ்கி மோட்டார் தண்ணீரில் கிடப்பதற்கென்றே செய்தது, அதற்கு ஒன்றும் ஆகாது. கெட்டுப்போவது மேலே இருக்கும் பெட்டிதான். மெயினை அணைத்து, பெட்டியைத் திறந்து சேற்றைக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, உப்பிய கெப்பாசிட்டரை மாற்றுங்கள். எலக்ட்ரீஷியனைக் கொண்டு மெக்கர் (மின்கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்த்து, சுற்றுக்கும் எர்த்துக்கும் நடுவே குறைந்தது 1 மெகாஓம் காட்டினால் மட்டுமே சுவிட்சைப் போடுங்கள். மின்கம்பி அறுந்து கிடந்தால் 94987 94987.

இன்னொன்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். கேசிங் பைப் (குழியின் மேல்பகுதியில் இறக்கும் காப்புக் குழாய்) தரையோடு தரையாக இருப்பதுதான் போர்வெல்லில் வெள்ளம் நுழையக் காரணம். 2024-ல் தண்ணீர் நின்ற உயரத்துக்கு மேல் ஓர் அடியாவது தூக்கி மூடி போடுங்கள்.

மழை விட்டு மூன்று நாள் கழித்துத் தக்காளி வாடுகிறது. தண்ணீர் விட்டும் யூரியா போட்டும் நிமிரவில்லை. மஞ்சள் பயிரும் மஞ்சளிக்கிறது.
– பாலக்கோடு விவசாயி

தண்ணீர் விட்டதால்தான் நிமிரவில்லை. வேர் மூச்சுத் திணறி, உறிஞ்ச முடியாமல் இலை தொங்குகிறது; பார்க்க வறட்சி வாட்டம் போலவே இருக்கும். ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளை வேர் பழுப்பாகி, உருவினால் தோல் கழன்று வந்தால் அந்தச் செடி போனதுதான். வெள்ளை வேர் இன்னும் இருந்தால் காப்பாற்றலாம்.

பாத்தி ஓரமாக ஓர் அடி ஆழ வடிகால் எடுத்து, தேங்கியதை வெளியேற்றுங்கள். மேல்மண் காய்ந்ததும் லேசாகக் கொத்திவிட்டுக் காற்று புக விடுங்கள். மண்ணில் உரம் வேண்டாம். 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கலந்து இலைமேல் தெளிக்கலாம். அழுகல் தொடங்கியிருந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், வேர்ப் பகுதி நனைய ஊற்றுங்கள். மஞ்சள் கிழங்கழுகலுக்கும் இதுவே. பலர் இதோடு டிரைக்கோடெர்மாவையும் சேர்த்துக் கலக்குகிறார்கள். செம்பு மருந்து பூஞ்சையைக் கொல்லும்; டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். காசு இரட்டைச் செலவு, பலன் இல்லை.

மா மரத்துக்கு உடனடிச் சேதம் குறைவு. ஆனால் டிசம்பரில் இப்படி நனைந்தால் பூக்க வேண்டிய கொம்பு துளிர்விட்டு, பூப்பு தள்ளிப் போகும்.

இடி மின்னலில் புளிய மரத்தடியில் நின்ற ஆடுமாடுகள் மொத்தமாகச் செத்துவிடுகின்றன. மனிதருக்கு ஒன்றும் ஆகாமல் மாடு மட்டும் சாவது ஏன்?
– பென்னாகரம் வாசகர்

மரத்தில் இறங்கிய மின்சாரம் வேர்வழியாகத் தரையில் பரவும். மரத்துக்குப் பக்கத்தில் மின்னழுத்தம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஐந்தாறு அடி இருப்பதால் அந்த வித்தியாசம் முழுக்க உடல்வழியாக, இதயத்தைத் தொட்டுப் பாயும். மனிதன் கால்களைச் சேர்த்து நின்றால் வித்தியாசம் சொற்பம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே விநாடியை எண்ணி 3-ஆல் வகுத்தால் கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுத்தே வெளியே வாருங்கள். மந்தையைத் தனிமரத்தை விட்டும் கம்பி வேலியை விட்டும் விலக்கிப் பள்ளமான திறந்தவெளிக்கு ஓட்டுங்கள். டாமினி செயலி சுற்றுவட்டார மின்னலை முன்கூட்டியே காட்டும்.

தரைப்பாலத்தில் முழங்கால் அளவுத் தண்ணீரில் பைக், கார் போகலாமா?
– கம்பைநல்லூர் வாசகர்

கூடாது. ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே பெரியவரைத் தள்ளிவிடும். ஓர் அடி சின்னக் காரை மிதக்க வைக்கும், இரண்டு அடியில் பெரும்பாலான வண்டிகள் அடித்துப் போகும். கீழே பாலம் இன்னும் இருக்கிறதா என்பதும் மேலிருந்து தெரியாது. மூழ்கிய வண்டியைச் சாவி போட்டு முயன்று பார்க்காதீர்கள்; சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இழுத்துச் செல்லுங்கள்.

வெள்ளம் வடிந்த வீட்டில் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரி போகும் வரை என்ன செய்வது?
– பாப்பிரெட்டிப்பட்டி வாசகி

கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, நடக்க விடாமல் 108-ல் ஏற்றுங்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிடுங்கள். வீங்கினால் பிறகு கழற்ற வராது. பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

மாடும் பயிரும் போனதற்கு நிவாரணம் வாங்க என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்?
– ஊத்தங்கரை வட்ட விவசாயி

2024 டிசம்பரில் அரசு அறிவித்த தொகை: பசு, எருமைக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000, கோழிக்கு ரூ.100. பயிர்ச் சேதம் 33 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் ஹெக்டேருக்கு நெல் உள்ளிட்ட பாசனப் பயிர் ரூ.17,000, மானாவாரி ரூ.8,500, நீண்டகாலப் பயிர் ரூ.22,500. அடுத்த பேரிடருக்கு இதே தொகைதான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு முறையும் அரசாணை பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் பணம் போவது அவசரத்தில் புதைப்பதால். கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருவதற்கு முன் புதைத்துவிட்டால், பிறகு நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. காதுத் தோடு எண் தெரியும்படி ஒரு படம், முழு உடல் தெரியும்படி ஒரு படம், தேதியும் இடமும் பதிவாகும் கேமராவில் எடுங்கள். பிறகு கிணறு, ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி, 6 அடிக் குழி தோண்டி, மேலே சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

பயிருக்கு அந்தப் பட்டத்து அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேடு) உங்கள் பயிர் ஏறியிருக்க வேண்டும். தக்காளி போட்டிருக்க, அடங்கலில் போன வருட ராகி நின்றால் கணக்கெடுப்பில் தகராறு வரும். சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். பயிர்க் காப்பீடு செய்தவர்கள் ஆலங்கட்டி மழை போன்ற தனிநில இழப்பை 72 மணி நேரத்துக்குள் 14447-ல் சொல்லிப் பதிவு எண் வாங்கிக்கொள்ள வேண்டும். கணக்கெடுக்க ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் கெடு தாண்டிவிடும்.